அன்னமுத்துவின் மேல் பதினாறு கோபங்கள்

கொன்றையடி மடத்துச் சுவாமிக்கு நாற்பத்துநான்கு வயது. அவருடைய சீடர்களில் மூத்தவர் யோகமலர் ரீச்சர். ரீச்சருக்கு அறுபத்திரண்டு.

முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன் ரீச்சர்தான் சுவாமிக்கு நான்காம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர். இருவரும் அதை மறக்கவில்லை.

சுவாமி மடத்துக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில், ரீச்சர் கடைசி வரிசையில் இருந்து ஒரு கேள்வி கேட்டார். சுவாமி, "தெரியாது, ரீச்சர்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ரீச்சர் முதல் வரிசையில் இருந்தார். அதற்குப் பிறகு ஆறு வருடங்களில் இரண்டு வெள்ளிக்கிழமைகள்தான் அவர் வராமல் விட்டவை.

ரீச்சரின் தாய் அன்னமுத்து இறந்த பதினெட்டாம் நாள் காலை, ரீச்சர் மடத்துக்கு வந்தார். கையில் எட்டுத் தாள்கள் இருந்தன.

சுவாமி கிணற்றடியில் இருந்து பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ ரீச்சர். இருங்கோ."

"நிக்கிறன். இதைப் பாத்துச் சொல்லுங்கோ, சுவாமி. இருபத்தைஞ்சாம் நாள் அச்சகத்துக்குக் குடுக்கவேணும்."

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் ஒன்று அச்சடித்துக் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரங்கள். நடுவில் வாழ்க்கை வரலாறு. அன்னமுத்துவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மகன் கனடாவில். அதனால் வரலாறு எழுதும் வேலை மகளுக்கு வந்தது.

சுவாமி கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தாள்களை வாங்கினார். எட்டையும் வாசித்தார். எழுந்து உள்ளே போய், மடத்து அலுமாரியில் இருந்து மூன்று பழைய நினைவு மலர்களை எடுத்துவந்தார். ஊரில் யார் வீட்டில் அச்சடித்தாலும் ஒன்று மடத்துக்கு வந்துவிடும். அலுமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

"ரீச்சர், நான் நாலு வசனம் வாசிக்கிறன். எது உங்கடை அம்மா எண்டு சொல்லுங்கோ."

"சொல்லுவன்."

"உற்றார் உறவினர் யாவரையும் அன்போடு அரவணைத்தார். இது ஒண்டு. இன்முகத்தோடு வந்தாரை வரவேற்று விருந்தோம்பினார். ரண்டு. இறைபக்தி மிக்கவராய், எளிமையின் இருப்பிடமாய் வாழ்ந்தார். மூண்டு. தன் பிள்ளைகளுக்கு நல்வழி காட்டி, ஊருக்கு ஒரு விளக்காய்த் திகழ்ந்தார். நாலு."

ரீச்சர் சிறிது நேரம் யோசித்தார்.

"மூண்டாவது."

"அது சங்கரப்பிள்ளை. சுருட்டுக் கொட்டில் வைச்சிருந்தவர். இஞ்சை, மீசையோடை படம் இருக்கு."

ரீச்சர் படத்தைப் பார்த்தார். பிறகு கிணற்றடியில் கிடந்த ஒரு பெரிய கல்லில் இருந்தார்.

"எழுதினது நீங்கள்தானே?"

"நான்தான். வேறை மலர் ஆறு ஏழைப் பாத்து எழுதினன்."

"தாயைப் பற்றி எழுத மலரைப் பாக்கிறதோ?"

"வேறை எதைப் பாக்கிறது?" ரீச்சரின் குரல் சற்று உயர்ந்தது. "மூண்டு வருசம், ரண்டு மாசம், பதினொரு நாள் அவ படுக்கையிலை கிடந்தவ. நான்தான் பாத்தனான். கண்ணை மூடினா அந்தக் கட்டில்தான் வருது. மூத்திரத் துணி வருது. கஞ்சிக் கரண்டி வருது. அதுக்கு முந்தின அம்மா வாறா இல்லை. முகம்கூட வருகுதில்லை, சுவாமி. நான் அவவோடை அறுபத்திரண்டு வருசம் இருந்தனான். அதிலை அம்பத்தெட்டு வருசமும் சொச்சமும் காணாமல் போச்சு."

சுவாமி ஒரு பலாக்கொட்டையை எடுத்து உரித்தார்.

"படத்தைப் பாத்தனீங்களோ?"

"பாத்தன். ஆரோ ஒரு மனுசி இருக்கிறா."

"என்ன வேணும் உங்களுக்கு? மலரோ?"

"மலர் எப்பிடியும் வந்திடும். நாலு தேவாரத்தைக் கூடப் போட்டா அந்தப் பக்கமும் நிரம்பியிடும். எனக்கு என்ரை அம்மா வேணும். முப்பத்தொண்டோடை எல்லாம் முடிஞ்சுது எண்டு கட்டிலையும் தூக்கிக் குடுத்திடுவினம். பிறகு அதுவும் இல்லை. ஒண்டும் இல்லாமல் இருக்கப்போறன்."

சுவாமி உரித்த கொட்டையைச் சட்டிக்குள் போட்டார்.

"ஒரு கொப்பி எடுங்கோ. ஊருக்குள்ளை போய்ப் பதினைஞ்சு பேரைக் கேளுங்கோ. அன்னமுத்துவிலை உங்களுக்கு என்ன கோபம் எண்டு."

"என்ன?"

"கோபம். புகழ்ச்சியை வாங்கி வராதேங்கோ. அது இஞ்சை அலுமாரி நிறைய இருக்கு."

"செத்த மனுசியிலை கோபம் கேட்டுப் போறதோ? என்னை விசரி எண்டெல்லோ சொல்லுவினம்."

"ஏழாம் வாய்ப்பாடு தெரியேல்லை எண்டு எனக்கு நாலு அடி போட்டனீங்கள். நான் விசரி எண்டு சொன்னனானோ?"

"மூண்டு அடி" என்றார் ரீச்சர். தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தார்.

*

முதலில் பூரணம் மாமியிடம் போனார். பூரணம் பக்கத்து வீடு. ஐம்பத்தொரு வருடம் பக்கத்து வீடு. வயது எழுபத்தொன்பது.

"அன்னமுத்து அக்காவோ? தங்கமான மனுசி" என்றார் பூரணம்.

"அதை எழுதேலாது மாமி. கோபம்தான் வேணும்."

"உனக்கென்ன விசரோ பிள்ளை? முப்பத்தொண்டு கழியேல்லை."

"சுவாமி கேட்டவர்."

"அந்தாளுக்கும் விசரோ?"

"ஒரு கோபமும் இல்லையோ, மாமி?"

"ஒண்டும் இல்லை."

ரீச்சர் கொப்பியை மூடி எழுந்தார். படலை வரை போனார்.

"இஞ்சை வா" என்றார் பூரணம். "கோழி."

"எந்தக் கோழி?"

"உனக்கெங்கை தெரியும்? நீ பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போட்டாய்."

சண்டை நெருங்கி, ஊர் முழுவதும் ஒரே நாளில் வெளிக்கிட்ட வருடம் அது. ரீச்சர் ஆறு பதிவேடுகளோடு பள்ளிக்கூட ஆட்களுடன் முன்னால் நடந்தார். பின்னால் வந்த தாயைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, வந்து சேர்ந்துவிட்டார் என்பது மட்டும்.

"கொம்மா தையல் மெசினை விட்டா" என்றார் பூரணம். "பித்தளைக் குத்துவிளக்கை விட்டா. அடைகிடந்த கோழியைக் கடகத்தோடை தூக்கினா. கோழிக்குக் கீழை பதினொரு முட்டை. கடகம் சரியக்கூடாதாம். கோழி எழும்பக்கூடாதாம். அதாலை தன்ரை பையையும் என்ரை தலையிலை ஏத்தினா. கொட்டுது மழை. என்ரை பையை மூடியிருந்த பொலித்தீனை இழுத்து எடுத்துக் கோழிக்குப் போத்தினா. எனக்கில்லை, கோழிக்கு! பைக்குள்ளை என்ரை கூறைச்சேலை. சாயம் கழண்டு சிவப்பாய் ஓடுது. கோழி ஒரு இறகு நனையேல்லை."

ரீச்சர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"பொரிச்சுதோ?"

"என்னது?"

"முட்டை."

"ஒன்பது பொரிச்சுது. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்து மேசைக்குக் கீழை. ஒரு கிழமையா ஆரும் ஆரோடையும் கதையேல்லை, பிள்ளை. எல்லாரும் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்த சனம். அந்தக் கீச்சுக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டு வந்து மேசையைச் சுத்தி இருந்துதுகள். கொம்மா அந்த அறையிலை இருந்த குடும்பத்துக்கு ஒண்டு ஒண்டாய் எல்லாத்தையும் குடுத்தா." பூரணம் மூக்கைத் துடைத்தார். "எனக்குத் தந்தது சேவல். குஞ்சிலையே அவவுக்குத் தெரியும். வேணுமெண்டுதான் தந்தவ. எழுது. சேவல் எண்டு எழுது."

கோபம் ஒன்று.

*

பிள்ளையார் கோவில் குருக்கள் யோசிக்கவே இல்லை.

"நான் இந்தக் கோவிலுக்கு இருபத்திரண்டு வயசிலை வந்தனான், ரீச்சர். வந்து நாலாம் நாள். மழைக்குணம். எனக்குக் காய்ச்சலும். மந்திரத்தை வெட்டிக் கொத்திப் பூசையை முடிச்சிட்டன். கோவிலிலை நிண்டது அஞ்சு பேர். ஒருத்தருக்கும் சமஸ்கிருதம் தெரியாது. உங்கடை அம்மா கிட்ட வந்தா. 'ஐயா, நேற்று நான் மூண்டு தரம் கோவிலைச் சுத்தி முடிய மணி அடிச்சனீங்கள். இண்டைக்கு ஒண்டரைச் சுத்திலை அடிச்சிட்டியள். பிள்ளையாருக்கு எங்கையும் போறதுக்கு அவசரமோ?' எண்டா. எல்லாருக்கும் முன்னாலை."

"பிறகு?"

"பிறகென்ன. முப்பத்தெட்டு வருசமா அவ எத்தினையாவது சுத்திலை போறா எண்டு கடைக்கண்ணாலை பாத்துப் பாத்துப் பூசை செய்திருக்கிறன். மூலவரைப் பாத்தது பாதி, உங்கடை அம்மாவைப் பாத்தது பாதி. இதைவிட என்ன கோபம் வேணும்?"

அவர் தட்டில் இருந்து திருநீற்றை எடுத்தார்.

"அண்டைக்குப் பின்னேரம் கொத்தமல்லி அவிச்சுக் கொண்டுவந்து மடப்பள்ளி வாசலிலை வைச்சிட்டுப் போனவ. அதை எழுதாதேங்கோ. அது கோபம் இல்லை."

ரீச்சர் எழுதவில்லை.

ஆறு நாட்களில் கொப்பி நிரம்பிக்கொண்டு வந்தது. ஒரே சட்டையை மூன்று தரம் பிரித்துத் தைக்கவைத்தார் என்றார் தையல்காரர். கோபம் நான்கு. கடன் கேட்டுப் போன சீனிக்குப் பதிலாக, "உனக்கு நீரிழிவு" என்று சொல்லி வெந்தயம் தந்தார் என்றார் இன்னொருவர். கோபம் ஆறு. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணைக் குசினிக்குள் கூட்டிப்போய், "உனக்கு இந்தப் பெடியனை விருப்பமோ?" என்று கேட்டுக் கலியாணத்தைக் குழப்பினார். அதைச் சொன்னவர் மாப்பிள்ளையின் தமையன். கோபம் எட்டு. அந்தப் பெண்ணிடமும் ரீச்சர் போனார். அவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள். "விருப்பம் இல்லை எண்டு சொன்னன். 'சரி, அழாதை, நான் பாக்கிறன்' எண்டவ. அவ்வளவுதான். பிறகு என்னை எங்கை கண்டாலும் தெரியாத ஆள் மாதிரிப் போவா. ஒருத்தருக்கும் தெரியக்கூடாதாம். நன்றி சொல்லவும் விடேல்லை" என்றார் அவர். கோபம் ஒன்பது.

பதினைந்தாவது, தம்பி குகன். கனடாவில் இருந்து ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தான். ரீச்சர் விசயத்தைச் சொன்னார்.

"என்னக்கா இது, நினைவு மலரோ வழக்கோ?"

"சொல்லு. நேரத்தை வீணாக்காதை."

"பார், அப்பிடியே அம்மா மாதிரிக் கதைக்கிறாய்." குகன் சிரித்தான். சிரித்து முடிந்து சொன்னான். "இருபத்தொன்பது வருசம். ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் எடுக்கிறது. 'சாப்பிட்டியோ? குளிரோ? சரி, வை.' நாலு சொல்லு. நான் எண்ணிப் பாத்தனான். நாலுதான். ஒரு நாளாவது 'வா' எண்டு சொன்னதில்லை. அதுதான் என்ரை கோபம்."

"எழுதிட்டன்."

"வைக்காதை. இன்னும் இருக்கு. அவ படுக்கையிலை விழ முந்தி ஒரு நாள். 'சரி, வை' எண்டா. நான் வைக்கேல்லை. சும்மா காதிலை பிடிச்சுக்கொண்டு இருந்தன். அவவும் வைக்கேல்லை, அக்கா. கிணத்துக் கப்பிச் சத்தம் கேட்டுது. காகம் கத்திச்சுது. நீ ஆரையோ பேசிறதும் கேட்டுது. பதினேழு நிமிசம். பிறகு, 'இன்னும் இருக்கிறியோ?' எண்டு கேட்டா. ஓம் எண்டன். 'சரி, வை' எண்டா."

ரீச்சர் அதையும் கொப்பியில் எழுதினார்.

"சரி, வை" என்றார் ரீச்சர்.

*

இருபத்துநான்காம் நாள் காலை பத்து மணிக்கு ரீச்சர் மடத்துக்கு வந்தார். சுவாமி மடத்து வாசலில் இருந்து செருப்பு வாருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"பதினைஞ்சும் இருக்கு" என்றார் ரீச்சர்.

"வாசியுங்கோ."

வாசித்தார். கோழிக்கு வந்தபோது சுவாமி ஊசியைக் கீழே வைத்தார். "சேவல் எண்டு எழுது" என்ற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் மடத்து நாய் எழுந்து நின்றது. குருக்களின் கோபத்துக்கு ரீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வரியை மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் நிறுத்தினார். தம்பியுடையதை வாசிக்கும்போது இருவரும் சிரிக்கவில்லை.

வாசித்து முடிந்தது.

"இதை அச்சடியுங்கோ" என்றார் சுவாமி.

"அச்சடிக்கத்தான் போறன். ஆர் என்ன சொன்னாலும்."

"அம்மா வந்திட்டாவோ?"

ரீச்சர் கொப்பியை மூடி மடியில் வைத்தார்.

"வந்திட்டா. பூரணம் மாமியின்ரை அன்னமுத்து வந்திட்டா. குருக்களின்ரை அன்னமுத்து வந்திட்டா. தம்பியின்ரை அம்மா வந்திட்டா. நல்ல மனுசி. எனக்கே நல்லாப் பிடிச்சிருக்கு." அவர் நிறுத்தினார். "நான் வீட்டை போய்க் கண்ணை மூடினா, கட்டில்தான்."

சுவாமி கையை நீட்டினார். ரீச்சர் கொப்பியைக் கொடுத்தார். சுவாமி பக்கங்களைப் புரட்டி, கடைசி எழுத்துக்குப் பிறகு இருந்த வெறும் பக்கத்தைத் திறந்து திருப்பிக் கொடுத்தார்.

"பதினாறு."

"பதினைஞ்சு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஊராரைச் சொன்னன். மகளைச் சொல்லேல்லை."

"எனக்கு என்ன கோபம்? பெத்த தாயிலை."

"பூரணம் அம்மாவும் இப்பிடித்தான் சொன்னவ."

ரீச்சர் எழுந்தார். படி இறங்கினார். செருப்பைப் போட்டார். போட்ட செருப்போடு அப்படியே நின்றார்.

"அவ என்னை மறந்திட்டா" என்றார்.

சுவாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரையும் மறந்திருந்தா அது நோய், வயசு எண்டு விட்டிருப்பன். தம்பியின்ரை குரல் போனிலை கேட்டா, 'குளிரோ?' எண்டுவா. பூரணம் மாமி வந்தா, கையைப் பிடிச்சுச் சிரிப்பா. குருக்கள் வந்தா, எழும்பி இருக்கப் பாப்பா. பக்கத்திலை நிண்டு, கழுவித் துடைச்சுத் திருப்பிப் படுக்கவைச்ச என்னை மட்டும் ஆரெண்டு தெரியாது."

"உங்களை ஆரெண்டு நினைச்சவ?"

"ரீச்சர் எண்டு."

"நீங்கள் ரீச்சர்தானே?"

"பகிடி விடாதேங்கோ. நான் ரண்டாம் வகுப்புப் படிக்கேக்கை எனக்குப் படிப்பிச்ச ரீச்சர் எண்டு. எனக்குக் கண்ணாடி, நரைச்ச தலை. அந்த ரீச்சருக்கும் அப்பிடித்தான். கட்டிலிலை கிடந்துகொண்டு, பள்ளிக்கூட வாசலிலை நிக்கிறதா அவவுக்கு நினைப்பு. என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிக்கிறாவாம். பள்ளிக்கூடம் விட்டு நேரம் போச்சாம். மழை வரப்போகுதாம்."

"வந்து என்ன கேப்பா?"

"'ரீச்சர், என்ரை பிள்ளை எங்கை?' எண்டு கேப்பா. 'பிள்ளை எப்பிடிப் படிக்கிறாள்?' எண்டு கேப்பா. ஒரு நாளைக்கு நாப்பது தரம்."

"வேறை?"

"வேறை என்ன. விசர்க் கதை."

"சொல்லுங்கோ."

ரீச்சர் படியில் இருந்தார். முதலில் சுவாமியைப் பார்த்துச் சொன்னார். பிறகு மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"'காலமை ஒண்டும் சாப்பிடாமல் வந்திட்டாள், இடைவேளையிலை ஒருக்காப் பாருங்கோ' எண்டுவா. 'முன் வாங்கிலை இருத்துங்கோ, பின்னுக்கு இருந்தா அவளுக்கு எழுத்துத் தெரியாது, வெக்கத்திலை சொல்லமாட்டாள்' எண்டுவா. 'இடக்கையாலை எழுதினா அடியாதேங்கோ ரீச்சர், அவளுக்கு அந்தக் கைதான் வரும்' எண்டுவா."

"நீங்கள் இடக்கையோ?"

"இல்லை." ரீச்சர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "ஓம். சின்னனிலை. பள்ளிக்கூடத்திலை மாத்தினவை. நானே மறந்துபோனன்."

"வேறை?"

"'அவள் அழமாட்டாள். அழேல்லை எண்டதுக்காக நோகேல்லை எண்டு நினைச்சுப்போடாதேங்கோ' எண்டு சொல்லுவா."

மடத்துக்குள் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நின்றது.

"இதெல்லாத்துக்கும் நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"உண்மையைச் சொன்னன். 'அம்மா, நான்தான் உங்கடை மகள், வடிவாப் பாருங்கோ' எண்டு. ஒவ்வொரு தரமும் சொன்னன். ஒரு தரமும் திருத்தாமல் விடேல்லை."

"சொன்னா?"

"முகத்தைப் பாப்பா. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பியிடுவா. கொஞ்சத்தாலை திரும்பவும் கேப்பா. 'ரீச்சர், என்ரை பிள்ளை எங்கை?'"

"எத்தினை வருசம் படிப்பிச்சனீங்கள்?"

"முப்பத்திநாலு."

"பிள்ளை எப்பிடிப் படிக்குது எண்டு கேட்டு வந்த தாய்மாருக்கு எல்லாம் பதில் சொன்னீங்களோ?"

"சொல்லாமல்? ஒரு தாயையும் சும்மா அனுப்பினதில்லை. மழையெண்டா உள்ளை கூப்பிட்டு இருத்தி..."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

சுவாமி மெல்லக் கேட்டார்.

"நீங்கள் ரண்டாம் வகுப்பிலை இருக்கேக்கை, அம்மாவுக்கு எத்தினை வயசு?"

"முப்பத்திமூண்டு."

"வாசலிலை எந்தப் பக்கம் நிப்பா?"

"வலப்பக்கம். பூவரசுக்குக் கீழை. மற்றத் தாய்மாரோடை நிக்கமாட்டா. தனிய நிப்பா."

"குடை கொண்டு வருவாவோ?"

"கறுப்புக் குடை. ஒரு கம்பி உடைஞ்சு வெளியாலை நிக்கும். அந்தப் பக்கம் தனக்கு வாறமாதிரிப் பிடிப்பா."

"சேலை?"

"நீலம். சின்னப் பூ. தலைப்பை இடுப்பிலை செருகியிருப்பா, சமையலைப் பாதியிலை விட்டிட்டு ஓடி வாறது. கையிலை மஞ்சள் இருக்கும். எங்கடை வகுப்பு விடுகிற நேரம் எட்டி எட்டிப் பாப்பா. கழுத்து நீளம் அவவுக்கு. மூக்குத்தி போடாத மூக்கு. நான் வாறதைக் கண்டா சிரிக்கமாட்டா. முதல் என்ரை காலைப் பாப்பா, செருப்பு இருக்கோ எண்டு. பிறகு பையைப் பாப்பா. பிறகுதான்..."

ரீச்சர் வாயைப் பொத்தினார்.

பிறகு கையை எடுத்தார்.

"நிக்கிறா, சுவாமி" என்றார் ரீச்சர். "அங்கை நிக்கிறா."

சுவாமி செருப்பையும் ஊசியையும் எடுத்தார்.

"அப்ப ஏன் இஞ்சை இருக்கிறியள், ரீச்சர்? அவ கேட்டு எவ்வளவு நேரம். போய்ப் பிள்ளை எப்பிடி எண்டு சொல்லுங்கோ."